கரத்தலும் கரைதலும்: காக்கைக் கிளையும் சுற்றம் என்னும் அறமும்

முன்னுரை

விலங்குகள், பறவைகள் ஆகியவற்றின் ஒழுகலாறுகளை எடுத்துக்காட்டி மாந்தர்க்குரிய அறத்தை உணர்த்துதல் தமிழ் இலக்கியத்தின் தொன்மையான நெறிகளுள் ஒன்றாகும். அந்நெறியில் காக்கைக்குக் கிடைத்துள்ள இடம் தனித்தன்மை உடையது. குயில் குரலுக்காகவும் மயில் தோகைக்காகவும் பாடப்பெற, காக்கை அதன் ஒழுக்கத்திற்காகவே போற்றப்பட்டது. இரை கண்டவிடத்து அதனை மறைக்காமல் தன் இனத்தை அழைத்து உண்ணும் பறவை என்பதே அப்போற்றுதலின் அடிப்படையாகும். பள்ளிப் பாடநூல் முதல் மேடைப் பேச்சு வரை இவ்வெடுத்துக்காட்டு இடையறாது வழங்கி வருவதாலேயே, அதனுள் அடங்கிய வினா ஒன்று பெரும்பாலும் எழுப்பப்படாமல் விடப்படுகிறது. காக்கை அழைக்கும் இனம் எது? அது பிறப்பால் அமைந்த கிளையா, உடனுறைவால் அமைந்த கூட்டமா, அன்றி அழைப்பைக் கேட்டு வந்தோர் அனைவருமா? இவ்வினாவிற்குத் தரும் விடையைப் பொறுத்தே காக்கை கற்பிக்கும் பாடம் பகுத்துண்ணும் அறமாகவோ, தன்னினம் பேணும் சார்புணர்வாகவோ அமையும்.

இவ்வினாவை மூன்று சான்றுகளின் துணைகொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. காக்கைக் குடும்பத்துப் பறவைகளின், குறிப்பாக ஆங்கிலத்தில் ரேவன் எனப்படும் பெருங்காக்கையின், உறவுமுறை பற்றிய பறவையியல் முடிபுகள் முதற்சான்று. திருக்குறளும் அதற்குப் பரிமேலழகர் கண்ட உரையும் இரண்டாவது. கன்னட வசனக்காரர் பசவண்ணரின் வசனம் ஒன்று மூன்றாவது. இவற்றின்வழிப் பெறப்படும் கருத்து, தமிழும் கன்னடமும் அண்டை வீடுகளில் ஒலிக்கும் பெங்களூரு ஈஜிபுராப் பகுதியை முன்னிறுத்தி இறுதியில் உரைத்துப் பார்க்கப்படுகிறது.

பெயரும் உறவும்

தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் நாள்தோறும் காணப்பெறும் காக்கைகள் இருவகைப்படும். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக அமைந்த சிறுகாக்கை ஒன்று. இதனை வீட்டுக்காக்கை என்பர். உடல் முழுதும் கருமையாகவும் அலகு தடித்தும் அமைந்த அண்டங்காக்கை மற்றொன்று. உண்மையான ரேவன் தென்னாட்டில் இல்லை. இராசத்தான், கட்ச், பஞ்சாப் முதலிய வடமேற்கு வறள்நிலங்களிலும் இமயத்தின் உயர்ந்த பகுதிகளிலும் மட்டுமே இந்தியாவில் அது வாழ்கிறது. வீட்டுக்காக்கை ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுடையது, ரேவன் 60 செ.மீட்டருக்கு மேற்படும், எடையில் அதனைப் போலப் பன்மடங்கு. ஆங்கில இலக்கியத்தின் ரேவனைத் தமிழில் பெயர்ப்போர் அண்டங்காக்கை என்றே பெரும்பாலும் எழுதுகின்றனர். விவிலியத்தில் நோவா பேழையிலிருந்து முதலில் விடுத்த பறவை தமிழ் மொழிபெயர்ப்பில் காகமாயிற்று. தமிழ் நிலத்தில் இல்லாத பறவை, அந்நிலத்து உறவுப் பறவையின் பெயரை ஏற்றுக்கொண்டது எனலாம்.

இப்பெயரீட்டைப் பிழையென ஒதுக்குதல் எளிதன்று. ரேவன், காக்கை என்னும் பாகுபாடே அறிவியல் எல்லை உடையதன்று. 1758இல் லின்னேயசு ரேவனுக்குக் கார்வஸ் கோராக்ஸ் என்று பெயரிட்டார். வீட்டுக்காக்கையும் அண்டங்காக்கையும் அதே கார்வஸ் பேரினத்தைச் சார்ந்தவையே. அப்பேரினத்துள் உருவில் பெரியனவற்றை ரேவன் என்றும் சிறியனவற்றைக் காக்கை என்றும் ஆங்கில வழக்குப் பிரித்தது. ஆத்திரேலியாவில் ரேவன் எனப் பெயர் பெற்ற பறவைகள், ஐரோப்பிய ரேவனைக் காட்டிலும் அந்நாட்டுக் காக்கைகளுக்கே நெருங்கிய உறவினவாகும். எனவே பெயரொற்றுமை உறவொற்றுமைக்குச் சான்றாகாது என்பது தெளிவு.

தமிழ் வழக்கிலும் இந்நிலையைக் காணலாம். நீர்க்காகம் பெயரால் காகம்; இனத்தால் வேறு. வால்காக்கை என்னும் செம்பழுப்புப் பறவை பெயராலும் இனத்தாலும் காக்கைக் குடும்பத்ததே. காக்கையைத் துரத்தித் துரத்திக் கொத்தும் கரிச்சானை ஆங்கிலேயர் 'காக்கை அரசன்' எனும் பொருள்பட வழங்கினர். அதற்கும் காக்கைக்கும் குடும்ப உறவு இல்லை. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் அம்மூவனார் பாடிய ஒரு பத்து முழுவதும் சிறுவெண்காக்கைக்கு உரியதாக அமைந்துள்ளது. காக்கை என்னும் சொல் அதில் நிற்பது கொண்டு மட்டும் அப்பறவையின் இனத்தைத் துணிதல் இயலாது. தொல்காப்பிய மரபியல் 'கிளை' என்னும் சொல்லைப் பிறப்பின் வகையைச் சுட்டும் சொல்லாக ஆள்கிறது. மரத்தின் கிளை, உறவினர், உயிர்வகை ஆகிய மூன்று பொருளும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருத்தல் ஈண்டுக் கருதத்தக்கது. பொருள்கள் ஒரு சொல்லில் அடங்கினும் நடைமுறையில் அவை ஒன்றாகா.

வகைப்பாட்டியலார் வரையும் கிளைப்படமும் நிலையானதன்று. வட அமெரிக்க ரேவன்களுள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்து வளர்ந்த இரு கால்வழிகள் மீண்டும் தம்முள் கலந்து ஒன்றாகி வருகின்றன என்பதனை 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று நிறுவியது. கிளைகள் பிரியும் என்பதே பொதுவாக அறியப்பட்டது. பிரிந்தவை கூடுதலும் உண்டு என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.

குருதிக் கிளையின் இயல்பு

பிறப்பால் நெருங்கிய பறவைகள் தம்முள் எவ்வாறு ஒழுகுகின்றன என்பது அடுத்து நோக்கற்பாலது. வட அமெரிக்காவில் காக்கைகளும் ரேவன்களும் மோதிக்கொள்ளும் நிகழ்ச்சிகளைப் பறவை ஆர்வலர்கள் பதிவு செய்துள்ளனர். ஈராயிரத்திற்கு மேற்பட்ட அப்பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தாக்கியவை காக்கைகளே. உருவில் சிறிய காக்கை, தன்னினும் பெரிய உறவுப் பறவையைக் கூட்டமாகச் சேர்ந்து துரத்துகிறது. ரேவன் காக்கையின் முட்டையையும் குஞ்சையும் கவர்ந்துண்ணும் ஆதலின், கூடு கட்டும் பருவத்தில் இப்பகை மிகுகிறது. ஒரே பேரினத்துப் பறவைகள் ஒன்றுக்கொன்று இரையும் பகையுமாக இருக்கின்றன.

இதற்கு மறுதலையான உறவைத் தென்னாட்டுக் காக்கையின் கூட்டில் காண்கிறோம். குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இடுகிறது. வளர்ந்த குயிலைக் கண்டால் விரட்டும் காக்கை, தன் கூட்டில் வாய் திறக்கும் குயிற்குஞ்சிற்கு இரையூட்டி வளர்க்கிறது. குயில் காக்கைக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. 'பிறரால் வளர்க்கப்பட்டது' என்று பொருள்படும் பெயரைக் குயிலுக்கும், 'பிறரை வளர்ப்பது' என்று பொருள்படும் பெயரைக் காக்கைக்கும் வடமொழி வழங்குவதிலிருந்து, இவ்வுண்மை நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தமை புலனாகிறது. காக்கை அறிந்து செய்யும் அருள் இஃது என்று கொள்ள இடமில்லை. அஃது ஏமாற்றப்படுகிறது என்பதே அறிவியல் விளக்கம். ஆயினும் உறவை ஆக்குவதில் பிறப்பைவிட ஊட்டலே அக்கூட்டில் செயற்படுகிறது என்னும் அளவில் இந்நிகழ்ச்சி நமக்குச் சான்றாகும்.

உயிர்கள் தம் குருதியுறவுக்கு உதவுதலை மரபணு நலன்கொண்டு விளக்கியவர் வில்லியம் ஹாமில்டன் (1964). உறவில்லாதவற்றுக்குள் நிகழும் உதவியைக் கைம்மாறு என்னும் அடிப்படையில் விளக்கியவர் இராபர்ட் டிரிவர்ஸ் (1971). இவ்விரு விளக்கங்களும் உதவியின் காரணத்தைக் கூறுவன. யாருக்கு உதவ வேண்டும் என்னும் கடமையை இவற்றிலிருந்து பெற இயலாது. 'இவ்வாறு உள்ளது' என்னும் கூற்றிலிருந்து 'இவ்வாறு இருத்தல் வேண்டும்' என்னும் முடிபுக்குத் தாவுவோர், அத்தாவலுக்குக் காரணம் கூற வேண்டும் என்று 1739-40இல் வெளிவந்த தம் நூலில் டேவிட் ஹியூம் வற்புறுத்தினார். காக்கையைக் காட்டி அறம் உரைக்கும் நம் மரபிற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்துமா என்பதனைக் குறளை நோக்கித் தெளிதல் வேண்டும்.

குறளின் காக்கை

திருக்குறளில் காக்கை இரண்டிடங்களில் எடுத்தாளப்படுகிறது. காலமறிதல் அதிகாரத்தில் (குறள் 481) பகலில் கூகையை வெல்லும் பறவையாகவும், சுற்றந்தழால் அதிகாரத்தில் (குறள் 527) இனத்தை அழைத்து உண்ணும் பறவையாகவும் அது காட்டப்பெறுகிறது. இவ்விரண்டு அதிகாரங்களும் பொருட்பாலில் அமைந்தவை. பகுத்துண்ணலைக் கற்பிக்கும் காக்கை ஈகை, ஒப்புரவறிதல் முதலிய அதிகாரங்களைக் கொண்ட அறத்துப்பாலில் இடம்பெறவில்லை என்பது பலரும் கவனியாத செய்தி. சுற்றத்தைத் தழுவுதல் அரசனுக்குரிய வினைத்திறங்களுள் ஒன்றாகவே அங்குப் பேசப்படுகிறது. காக்கையின் ஒழுக்கம் தன்னலம் துறந்த கொடை என்று வள்ளுவர் கூறவில்லை. அத்தகைய இயல்பினர்க்கே ஆக்கம் உண்டு என்று அதன் பயனையும் உடன் சேர்த்தே கூறுகிறார்.

'ஆக்கமும்' என்னும் சொல்லில் நிற்கும் உம்மையைப் பரிமேலழகர் எச்சவும்மையாகக் கொள்கிறார். அறமும் இன்பமும் அன்றிப் பொருளும் எய்தும் என்பது அவ்வும்மையால் பெறப்படும் என்பது அவர் கருத்து. ஓர் இடைச்சொல்லுக்கு அவர் கண்ட இவ்விளக்கம், நாம் எடுத்துக்கொண்ட சிக்கலைத் தீர்க்கத் துணைசெய்கிறது. செயலால் பயன் விளைவது அச்செயலின் அறத்தன்மையைக் கெடுக்காது. பயன் அறத்தோடு உடன்வருவது. தன்னலத்தால் அழைத்தது ஆதலின் காக்கையின் செயல் அறமாகாது என்பாரது தடை, இவ்வுரையின்முன் வலுவிழக்கிறது.

மேலும், 'அன்னநீரார்' என்னும் சொல் ஆராயத்தக்கது. நீர்மை என்பது இயல்பு. காக்கை என்ன எண்ணி அழைக்கிறது என்பதில் வள்ளுவர் கருத்துச் செலுத்தவில்லை; எத்தகைய இயல்பு அச்செயலில் வெளிப்படுகிறது என்பதே அவர் நோக்கு. தாம் நுகர்வன எல்லாம் சுற்றத்தாரும் நுகருமாறு வைத்தல் என்று அவ்வியல்பினைப் பரிமேலழகர் விளக்குகிறார். கருத்து உள்ளத்தின்பாற்பட்டது, பிறரால் காண இயலாதது. இயல்போ ஒழுக்கத்தில் வெளிப்படுவது, பின்பற்றத் தக்கது. பறவையை எடுத்துக்காட்டாக்குவதில் உள்ள இடர்ப்பாட்டை வள்ளுவர் இவ்வாறு கடந்து செல்கிறார்.

அவ்வியல்பைச் சுட்ட வள்ளுவர் ஆண்ட சொற்கள் இரண்டு. ஒன்று கரத்தல் என்பதன் எதிர்மறை, மற்றொன்று கரைதல். கரத்தல் என்பது மறைத்தல். கரைதல் என்பது ஒலித்தல், அழைத்தல். ஒலியால் அண்மையுடைய இவ்விரு சொற்களும் பொருளால் எதிரெதிர் நிற்பன. இவற்றை அடுத்தடுத்து அமைத்ததன்வழி, கொடுத்தலுக்கு முற்பட்ட நிலை ஒன்று சுட்டப்படுகிறது. உணவு உள்ளது என்னும் செய்தியை மறைக்காமையே அந்நிலை. காக்கை இரையை எடுத்துச் சென்று பிறிதொரு காக்கைக்கு ஈவதாகக் குறள் கூறவில்லை. இரை இருக்குமிடத்தை அது வெளிப்படுத்துகிறது. வந்தவை தாமே உண்கின்றன. ஈவோன், ஏற்போன் என்னும் ஏற்றத்தாழ்வு இங்கு எழுவதற்கில்லை. ஈகையினின்றும் சுற்றந்தழாலை வேறுபடுத்தும் நுட்பம் இதுவே எனலாம்.

ரேவனின் அழைப்பு

குறள் கூறும் இவ்வொழுக்கம் காக்கைக் குடும்பத்தில் மெய்யாகவே உள்ளதா, உளதாயின் அழைக்கப்படுவோர் யாவர் என்னும் வினாக்களை ரேவனைக்கொண்டு ஆராய்ந்தவர் பெர்ண்ட் ஹைன்ரிக். வட அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் காடுகளில் குளிர்காலந்தோறும் விலங்குகளின் உடல்களை இட்டுவைத்து, அவற்றுக்கு வரும் ரேவன்களை அவர் கண்காணித்தார். 1989இல் வெளிவந்த அவரது நூல் இவ்வாய்வை விரித்துரைக்கிறது. பனி மூடிய காட்டில் பேரிரை ஒன்றைக் கண்ட ரேவன் வாளாவிருந்து உண்ணாமல் உரத்துக் கூவி, பிற ரேவன்களை ஏன் வரவழைக்க வேண்டும் என்பதே அவரை ஈர்த்த புதிர்.

அவர் கண்ட விடை வியப்பளிப்பது. ஒவ்வொரு நிலப்பகுதியும் இணைசேர்ந்த முதிர்ந்த ரேவன்களின் ஆட்சியில் உள்ளது. அப்பகுதியில் கிடைக்கும் இரையை அவ்விணை பிறர்க்கு விடாது. நிலமும் இணையும் இல்லாத இளம் ரேவன்கள் தனித்து வந்தால் துரத்தப்படும். அவை கூவி அழைத்துப் பலராய்த் திரண்டால், உரிமை கொண்டாடும் இணையால் அவற்றைத் தடுக்க இயலாது. எனவே அழைப்போர் உடைமையற்ற இளையோர், அழைக்கப்படுவோரும் அவர்களே. இவ்வாறு கூடியவை குருதியுறவு உடையனவா என்பதனை மரபணுச் சோதனைவழி ஆராய்ந்து 1994இல் வெளியிட்டனர். கூடியுண்டவை நெருங்கிய உறவினவாக இல்லை என்பதே முடிபு. தந்தையும் மகனும், உடன்பிறந்தோரும் அங்குக் கூடவில்லை. அயலவை கூடின, கூடி உண்டன.

இம்முடிபு குறளின் காக்கையைப் பொய்யாக்குகிறது என்று ஒருவர் கருதலாம். இனத்தை அழைக்கிறது என்றீர். அழைக்கப்பட்டது உறவே அன்று என்பது தடையின் வடிவம். இத்தடை, சுற்றம் என்பது அழைப்புக்கு முன்னரே அமைந்து கிடப்பது என்னும் எண்ணத்தின்மேல் எழுந்தது. ரேவனிடத்தில் சுற்றம் அழைப்பின் பின்னரே அமைகிறது. அழைப்பைக் கேட்டு வந்தவையே அவ்விரையைப் பொறுத்தவரை அதன் சுற்றம். 'தழால்' என்பது தழுவுதல் எனப் பொருள்படும் தொழிற்பெயர். சுற்றந்தழால் என்னும் அதிகாரத் தலைப்பே சுற்றம் செயலால் பேணப்படுவது என்பதனை உணர்த்தி நிற்கிறது. தழுவாதவிடத்துப் பிறப்பால் உற்றவரும் சுற்றமாக நில்லார்.

மறைக்கும் காக்கை

ஈண்டு மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. காக்கைக் குடும்பத்துப் பறவைகள் அழைப்பன மட்டும் அல்ல, ஒளிப்பனவும் ஆம். மிகுந்த இரையை மண்ணிலும் இடுக்கிலும் செருகி மூடிவைத்தல் இக்குடும்பத்தில் பரவலாக உள்ள வழக்கம். ரேவன் இதில் கைதேர்ந்தது. தான் ஒளிப்பதைப் பிறிதொரு ரேவன் காண்கிறதா என்பதனை அஃது உய்த்துணர்ந்து ஒழுகுகிறது. 2016இல் வெளியான ஆய்வில் தாமஸ் புக்னியாரும் அவருடன் பணியாற்றியோரும் சுவரில் சிறுதுளை ஒன்றை அமைத்தனர். அத்துளைவழி நோக்கிப் பழகிய ரேவன், துளை திறந்திருக்க மறுபுறம் ரேவனின் குரல் மட்டும் கேட்டபோது, தன்னை எவரோ காண்பது போலவே கொண்டு விரைந்து ஒளித்தது. பிறரது பார்வையை உய்த்துணரும் அறிவும் ஒளித்தற்கே பயன்பட்டமை எண்ணத்தக்கது.

ஆகவே காக்கைக் கிளை நமக்கு ஒரு பாடத்தைத் தருவதில்லை. இரு பாடங்களைத் தருகிறது. கரத்தலும் அதன் இயற்கை. கரைதலும் அதன் இயற்கை. வள்ளுவர் இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். தெரிந்தெடுத்தல் பறவையின் செயலன்று, புலவரின் செயல். இயற்கையிலிருந்து அறம் பெறப்படுகிறது என்பதைவிட, அறநோக்குடையார் இயற்கையிலிருந்து தமக்கு வேண்டும் சான்றைத் தெரிந்துகொள்கின்றனர் என்பதே பொருந்தும். ஹியூமின் எச்சரிக்கைக்கு நம் மரபு தரத்தக்க விடை இதுவாகும். காக்கை செய்கிறது ஆதலின் நாம் செய்தல் வேண்டும் என்பது வாதமன்று. இரு வழிகளும் நமக்கும் உரியனவாக இருக்க, ஒன்றைக் கொள்ளுதல் இயலும் என்பதற்குக் காக்கை சான்று.

தெரிந்தெடுத்த பாடத்திற்கும் வரம்பு வேண்டும். மனிதக் குடியிருப்பைச் சார்ந்தே வாழும் வீட்டுக்காக்கை 1890களில் சான்சிபார் தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது பின்னர்க் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெங்கும் பெருகி, அந்நிலத்துச் சிறுபறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அழித்தது. 2024இல் கென்ய அரசின் வனவிலங்குத் துறை பத்து இலட்சம் காக்கைகளை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. தம்முள் அழைத்து உண்ணும் கூட்டம், கூட்டத்திற்குப் புறத்தே நிற்கும் உயிர்க்குப் பேரழிவாகவும் கூடும். தன்னினத்தை மட்டும் அழைப்பது அறத்தின் தொடக்கமாகலாம், முடிவாகாது.

பசவண்ணரின் காக்கை

இவ்வரம்பைப் பற்றிய சிந்தனையைக் கன்னட மரபில் காண்கிறோம். 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் வாழ்ந்த பசவண்ணர், தம் வசனம் ஒன்றில் காக்கையையும் கோழியையும் எடுத்துக்காட்டுகிறார். ஒரு சோற்றுப் பருக்கையைக் கண்ட காக்கை தன் கூட்டத்தை அழைக்கும். இரையைக் கண்ட கோழி தன் குலத்தைக் கூவி அழைக்கும். சிவபத்தனாக இருந்தும் பத்தியின்பால் சார்பு இல்லாதவன் அவற்றினும் கடையன் என்பது அவ்வசனத்தின் கருத்து. எடுத்துக்காட்டு குறளோடு ஒத்தது. பெறப்படும் பொருள் வேறு.

அழைத்தல் என்னும் பொருளில் பசவண்ணர் ஆளும் வினைச்சொல் 'கரெ' என்பது. இது தமிழின் 'கரை' என்னும் வினையோடு உறவுடையது என்பதனைத் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி காட்டும். தமிழில் கரைதல் இன்று பெரும்பாலும் காக்கையின் ஒலிக்கே உரியதாகச் சுருங்கியது. கன்னடத்தில் விருந்தினரை அழைத்தற்கும் பிள்ளையைக் கூப்பிடுதற்கும் அதுவே நாளும் வழங்கும் சொல்லாக நிற்கிறது. காக்கையின் ஒலியும் மனிதரின் அழைப்பும் ஒரு வேரில் பிறந்தவை என்பதனைத் தமிழர் மறந்த நிலையில் கன்னடம் நினைவூட்டுகிறது.

பசவண்ணர் காலத்தில் குலம் என்பது பிறப்பால் வரையறுக்கப்பட்ட சாதியே. அச்சொல்லைக் கோழியின் மேல் ஏற்றிக் கூறிவிட்டு, மாந்தர்க்கு வரும்போது அவர் குலத்தைக் கூறாமல் பத்தியைக் கூறுகிறார். பறவைக்குப் பிறப்பு எதுவோ அதுவே மாந்தர்க்கு ஏற்றுக்கொண்ட நெறி என்பது இதன் குறிப்பு. அந்தணக் குடியில் பிறந்த மதுவரசரின் மகளும் செருப்புத் தைக்கும் குடியில் பிறந்த அரளய்யரின் மகனும் மணம்புரிந்தமையும், அதன் விளைவாகக் கல்யாணத்தில் நேர்ந்த பெருங்கலகமும் சரண மரபில் நெடிது பேசப்படுகின்றன. காக்கை உவமையின் பொருளை வாழ்வில் நிறுவ முயன்றோர் கொடுத்த விலை அது.

குறளின் சுற்றமும் பசவண்ணரின் சுற்றமும் ஒன்றல்ல. முன்னது அரசனைச் சூழ்ந்தோர்; பின்னது ஒரு நெறியை ஏற்றோர். இரண்டிற்கும் எல்லை உண்டு. ஆயினும் இரண்டு நூல்களும் ஒரே பறவையைச் சான்றாக்கியதால், அப்பறவையின் அழைப்பில் உள்ள ஓர் இயல்பு இரண்டிலும் புகுந்துவிடுகிறது. காக்கையால் தன் உறவின் செவிக்கு மட்டும் கேட்குமாறு கரைதல் இயலாது. உரத்து எழுந்த குரல் வெளியெங்கும் பரவும். கேட்டவை எல்லாம் வரும். அழைப்பவர் எண்ணிய சுற்றம் சிறிதாயினும் அழைப்பு உண்டாக்கும் சுற்றம் பெரிது. மறைக்காமை என்னும் அறம் இவ்வகையில் தன்னினம் என்னும் எல்லையைத் தானே கடந்துவிடுகிறது.

ஈஜிபுராவில் ஒரு சோதனை

பெங்களூருவின் தென்கிழக்கில் கோரமங்களாவை ஒட்டி அமைந்த ஈஜிபுராவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. அமாவாசை நாளில் மாடிச் சுவரின்மேல் முன்னோர்க்கெனச் சோறு வைத்துக் காக்கையை அழைத்தல் இங்குத் தமிழ் வீட்டிற்கும் கன்னட வீட்டிற்கும் பொதுவான வழக்கம். விருந்து வரக் கரைந்த காக்கைக்குப் பலியிடுதலைக் குறுந்தொகை 210ஆம் பாட்டில் பாடி, அதனால் காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்ற நச்செள்ளையாரின் காலம் தொட்டு வரும் உறவு இது. இவ்வாறு வைத்த சோற்றுக்கு வீட்டுக்காக்கை வரும். அதன் குரல் கேட்டு அண்டங்காக்கையும் மைனாவும் அணிலும் வரும். அவற்றுள் பூசலும் துரத்தலும் உண்டு. முன்னோரை அழைத்தவர் எவ்வுயிரையெல்லாம் அழைத்தோம் என்பதனை அறியார்.

மாந்தர்க்குள் கரத்தலும் கரைதலும் எவ்வாறு நிகழ்ந்தன என்பதற்கு இந்நகரின் அண்மைக்கால வரலாறு சான்றாகிறது. காவிரி நீர்ப் பங்கீட்டை ஒட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இங்கு வன்முறை நிகழ்ந்தது. ஈஜிபுராவிற்குச் சில கல் வடக்கே, அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிய நிலையிலேயே இருந்தது. மறைக்காமையைக் காக்கையின்வழிக் கற்பித்த புலவரின் உருவம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் அச்சிலையும், அதனை அடுத்து ஆகஸ்ட் 13ஆம் நாள் சென்னையில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பெற்றன. ஒரு நகர் மற்றொரு நகரின் புலவரை அழைத்தது. அழைக்கப்பட்டவர் அங்கு உறவானார். இரு தரப்பாரும் திறப்பு விழா ஒன்றால் பகை நீங்கியது என்று கருதவில்லை என்பதற்கு 2016ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளே சான்று. சுற்றம் ஒருமுறை அழைத்து அமைப்பதன்று. மீண்டும் மீண்டும் அழைத்துப் பேணுவது.

மற்றொரு நிகழ்ச்சி ஈஜிபுராவிற்கே உரியது. பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கென இங்கு அமைந்திருந்த குடியிருப்பு 2013 ஜனவரியில் இடிக்கப்பட்டது. ஆயிரத்திற்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. பல குடும்பங்கள் அவ்விடத்தை ஒட்டிய நடைபாதையிலேயே நெடுநாள் தங்கின. அவர்களுள் தமிழரும் இருந்தனர், பிறமொழியாளரும் இருந்தனர். வீடிழந்த தமிழரை நம்மவர் என்று எண்ணி வருந்துதல் குருதிக் கிளையின் நீர்மை. அதே நடைபாதையில் அடுப்பு மூட்டிய பிறமொழிக் குடும்பத்தை அக்கணக்கில் சேர்க்காது விடுதல் கரத்தல் அன்றி வேறன்று. நிலமும் கூடும் அற்ற இளம் ரேவன்கள் உறவு நோக்காமல் ஒருங்கு கூடியதற்கு ஒப்ப, உடைமையற்றோர் மொழி நோக்காமல் ஒரு நடைபாதையில் கூடினர். அவர்களைச் சுற்றமாக்கியது பொதுவான இழப்பு. அவர்தம் குரலைக் கேட்ட நகரமாந்தர் தம்மைக் கேட்டோர் என்று எண்ணிக்கொள்ளாமல் விட்டதே அங்கு நேர்ந்த அறக்குறை.

நிறைவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகளை இவ்வாறு தொகுத்துரைக்கலாம். காக்கைக் குடும்பத்தில் பெயரும் பிறப்பும் உறவை உறுதிசெய்வதில்லை. ஒரு பேரினத்துப் பறவைகள் பகைகொள்கின்றன; வேற்றினக் குஞ்சு கூட்டில் வளர்கிறது; அயல் ரேவன்கள் அழைப்பால் ஒன்றுகூடி உண்கின்றன. திருக்குறள் காக்கையின் கருத்தை ஆராயாது அதன் நீர்மையைக் கொண்டது. பயனும் அறத்தோடு உடன்வரும் என்பதனைப் பரிமேலழகர் உம்மையின்வழி நிறுவினார். பசவண்ணர் அக்காக்கையைக்கொண்டே குலத்தின் எல்லையைக் கடந்தார்.

காக்கை குருவியைத் தம் சாதி என்று பாரதியார் பாடியதனைக் கவியுணர்ச்சி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். சாதி என்னும் சொல்லைப் பிறப்பிலிருந்து விடுவித்து அழைப்பின்மேல் வைத்த சிந்தனையாகவே அதனைக் கொள்ளுதல் தகும். உறவினர் யாவர் என்று முதலில் வரையறுத்து, பின்னர் அவரை அழைப்போம் என்பார் எஞ்ஞான்றும் அழையார். வரையறை சுருங்கிக்கொண்டே செல்லும். மறைக்காமல் அழைத்தவர்க்கோ, வந்தோர் யாவர் என்பது வந்த பின்னரே தெரியும். இருப்பதை இல்லை என்னாது உரத்துக் கூறுதலே சுற்றம் என்னும் அறத்தின் முதற்படி. அதற்குரிய சொல்லைத் தமிழும் கன்னடமும் ஒரே வேரிலிருந்து பெற்றுள்ளன.